நாற்பது குதிரையும் நானூறு குதிரையும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் உப்பளங்கள் விரிந்து கிடப்பதையும், வரப்புகளின்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் உயர்ந்து நிற்பதையும் பார்க்காமல் போயிருக்க முடியாது. அதே சாலையில், ஓரமாக ஒதுங்கி, பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாத ஒரு நிதானத்தோடு டிராக்டர் ஒன்று போவதையும், அதை முந்திக்கொண்டு கார்கள் கண்மூடித் திறப்பதற்குள் மறைவதையும் பார்த்திருப்பார்கள். அந்தக் கார்களில் பலவற்றின் எஞ்சினுக்கு 120 குதிரைச் சக்தி. டிராக்டருக்கோ 40 தான். ஆயினும் ஐந்து டன் டிரெய்லரை அந்தக் காரின் பின்னே மாட்டி மண்வரப்பில் இழுக்கச் சொன்னால், கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புழுதி கிளப்புமே தவிர, நகராது.

இந்த விசித்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்க நாட்டில் படகையோ, குதிரைகளை ஏற்றிய பெட்டியையோ, சக்கரத்தின்மேல் அமைந்த சிறு வீட்டையோ இழுத்துச் செல்ல விரும்பும் குடும்பத்தார், பிக்கப் என்று வழங்கும் பெரிய வாகனத்தை வாங்குகிறார்கள். முன்னால் ஐந்து பேர் அமரும் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட அந்த வாகனத்தின் எஞ்சின் 400 குதிரைச் சக்தியை எட்டுவது இன்று சாதாரணம். அது இழுக்கும் பாரமோ பெரும்பாலும் நம் டிராக்டர் இழுக்கும் அதே நாலைந்து டன் தான். ஒரே பாரத்துக்கு இங்கே நாற்பது குதிரையும் அங்கே நானூறு குதிரையும் ஏன்? இந்த வினாவைப் பொறுமையோடு பின்தொடர்ந்தால், ஒரு வண்டியை இன்னொரு வண்டி இழுப்பது என்னும் காரியத்தின் தத்துவம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

குதிரைச் சக்தி எதை அளக்கிறது?

முதலில், ஓட்டுநர்கள் எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் குதிரைச் சக்தியின் பொருளை நிச்சயப்படுத்திக்கொள்வோம். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறமைக்கு ஒரு குதிரைச் சக்தி என்று பெயர். ஆகவே நாற்பது குதிரைச் சக்தி என்பது, 3,000 கிலோ இழுப்பை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தரும் திறமை. இங்கே ஒரு கிலோ இழுப்பு என்று நாம் சொல்வது, ஒரு கிலோ எடையைக் கயிற்றில் தொங்கவிட்டால் அந்தக் கயிறு எவ்வளவு இழுபடுமோ அவ்வளவே.

இந்த 3,000 என்னும் மூலதனத்தை இழுப்பாகச் செலவிடலாம், வேகமாகவும் செலவிடலாம், இரண்டையும் ஒருசேரப் பெருக்க முடியாது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது மனிதன் சற்று விரைந்து நடக்கும் வேகம் போதுமென்றால், அதே எஞ்சின் 2,000 கிலோ இழுப்பைத் தரும். விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேண்டுமென்று கேட்டால், 200 கிலோ இழுப்பே மிஞ்சும். பற்சக்கரங்களின் உராய்வில் ஒரு பங்கு வீணாவதால் நடைமுறையில் இவை இன்னும் குறையும் என்றாலும், விகிதம் மாறாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் கியர் பெட்டி, வேகத்தைக் கொடுத்து இழுப்பை வாங்கும் பண்டமாற்று நிலையமன்றி வேறில்லை. காரின் கியர்கள் வேகத்தின் பக்கம் சாய்ந்தவை. டிராக்டரின் கியர்கள் இழுப்பின் பக்கம் சாய்ந்தவை.

தரை கேட்கும் வரி

அடுத்து, எவ்வளவு இழுப்பு தேவை என்று பார்க்கவேண்டும். ஐந்து டன் வண்டியை நகர்த்த ஐந்து டன் இழுப்பு வேண்டுமென்று எண்ணுவது பலருக்குள்ள மயக்கம். சமதரையில் உருளும் சக்கரத்தைத் தடுப்பவை, டயர் நசுங்கி நிமிர்வதால் விளையும் நஷ்டமும், தரை அமுங்கிக் குழிவதால் விளையும் நஷ்டமுமே. இவ்விரண்டையும் சேர்த்து உருள்தடை என்று அழைப்போம். டிராக்டரும் டிரெய்லரும் போகும் தார்ச் சாலையில், மொத்த எடையின் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோ உருள்தடை. இறுகிய மண்வரப்பில் ஐந்து கிலோ. ஈரம் ஊறிய சேற்றிலும் பொலபொலத்த கடல்மணலிலும் பதினைந்து, இருபது கிலோ வரையில். எஞ்சினும் பாரமும் மாறாதிருக்க, தரை மாறிய ஒரே காரணத்தால் தேவை பத்து மடங்கு கூடிவிடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

உப்பைத் தூரதேசம் கொண்டு சென்றவர்கள் இந்த உண்மையை அனுபவத்தில் நன்கு அறிந்திருந்தார்கள். சங்க காலத்து உமணர்கள், காளைகள் பூட்டிய வண்டிகளில் உப்பேற்றி மேடும் பள்ளமுமான வழிகளில் போனபோது, அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு காட்டுகிறது. பிற்காலத்தில், சென்னை கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கிய கால்வாய், ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரையில் சுமார் 420 கிலோமீட்டர் நீண்டபோது, உப்பும் விறகும் நெல்லும் தோணிகளில் ஏறின. காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கழியூன்றியும், கரையில் நடந்தபடி கயிற்றைத் தோளிலிட்டு இழுத்தும் தோணிக்காரர்கள் அவற்றைச் செலுத்தினார்கள். நடைவேகத்தில் நகரும் தோணிக்கு நீர் காட்டும் எதிர்ப்பு மிகச் சொற்பம். ஆதலால், வண்டிக்குப் பல ஜோடி காளைகள் வேண்டியிருக்கும் பாரத்தைச் சில மனிதர்களின் தோள்வலிமை நகர்த்திவிடும். மெதுவாகப் போகச் சம்மதித்தால் சிறிய சக்தியும் பெரும்பாரத்தை வெல்லும் என்பதற்கு இந்தக் கால்வாயைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை.

பிடிப்பு என்னும் வரம்பு

இப்போது, பலரும் சிந்திக்காத மூன்றாவது விஷயத்துக்கு வருகிறோம். எஞ்சினிடம் சக்தி இருக்கலாம். கியர் அதை 2,000 கிலோ இழுப்பாக மாற்றியும் தரலாம். ஆனால் அந்த இழுப்பு தரையில் பதிந்தாலல்லவா வண்டி நகரும்? சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. சறுக்காமல் எவ்வளவு தள்ள முடியும் என்னும் எல்லையைப் பிடிப்பு என்று சொல்வோம். பிடிப்பை முக்கியமாக நிர்ணயிப்பவை இரண்டு: தரையின் தன்மை ஒன்று, எஞ்சினால் சுழலும் சக்கரங்களின்மேல் அமரும் எடை மற்றொன்று. காய்ந்த தாரில் நூறு கிலோ எடைக்கு எழுபது கிலோ பிடிப்பும், இறுகிய மண்ணில் ஐம்பதும், சேற்றில் நாற்பதும் அதற்குக் கீழும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிராக்டரின் உருவம் முழுவதும் இந்த ஒரு நியதிக்குக் கட்டுப்பட்டு அமைந்ததுதான். எடையின் பெரும்பகுதி பின்னே விழும்படி எஞ்சினும் அச்சும் அமைந்திருப்பதும், பின்சக்கரங்கள் மார்பளவு உயரத்துக்கு எழும்பி நிற்பதும், அவற்றின் டயரில் விரற்கடை கனத்துக்கு மேல் வரிகள் துருத்தி மண்ணைக் கடிப்பதும், சிலர் அந்த டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவதும் பிடிப்பைப் பெருக்கும் உபாயங்களே. காரோ, பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்று எடை குறைத்துச் செய்யப்பட்டது. அதன் 120 குதிரைகளும் கால் ஊன்ற இடமின்றித் தவிக்கின்றன.

காலியாக உள்ளே போன வண்டி

உப்பளத்துப் பக்கம் பழகியவர்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், காலி டிரெய்லரோடு உட்புறத்து வரப்பில் நுழைந்த டிராக்டர் சிரமமின்றி அம்பாரத்தருகே போய் நின்றுவிடுகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அதே வழியில், அதே இடத்தில், பின்சக்கரம் சுழன்று புதைந்துவிடுகிறது. போகும்போது வழிவிட்ட தரை வரும்போது ஏன் பிடித்துக்கொள்கிறது?

டிராக்டரின் எடை 2,000 கிலோ என்று கொள்வோம். அதில் முன்சக்கரங்கள் 700 கிலோவையும் பின்சக்கரங்கள் 1,300 கிலோவையும் தாங்குகின்றன. இரண்டு சக்கர டிரெய்லரின் சொந்த எடை 1,500 கிலோ. அதில் ஏறும் உப்பு 3,500 கிலோ. டிரெய்லர் தன் முன்பக்கத்து ஏர்க்காலால் டிராக்டரின் கொக்கியை அழுத்துகிறதல்லவா? அதைக் கொக்கிப் பாரம் என்று அழைப்போம். காலியாயிருக்கும்போது அது 100 கிலோ. பாரம் ஏற்றியபின் 400 கிலோ.

கொக்கி, பின் அச்சுக்கும் பின்னால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 190 சென்டிமீட்டர். ஆகவே நெம்புகோல் நியாயப்படி, கொக்கியில் 400 கிலோ அமர்ந்தால், முன்சக்கரங்களிலிருந்து 126 கிலோ கழன்று, பின்சக்கரங்களில் 526 கிலோ சேர்கிறது. நூறு கிலோ அமர்ந்தால் 132 கிலோ சேர்கிறது.

இனி, சேறான அந்த வரப்பில் உருள்தடை நூற்றுக்குப் பதினைந்து, பிடிப்பு நூற்றுக்கு நாற்பது என்று கொண்டு கூட்டிப் பார்ப்போம். காலியாகப் போகையில் மொத்த எடை 3,500 கிலோ. தேவையான இழுப்பு 525 கிலோ. பின்சக்கரத்தின்மேல் உள்ள எடை 1,432 கிலோ. அதற்குக் கிடைக்கும் பிடிப்பு 573 கிலோ. தேவைக்கு மேல் 48 கிலோ மிச்சமிருக்கிறது, வண்டி போய்விடுகிறது. பாரத்தோடு திரும்புகையில் மொத்த எடை 7,000 கிலோ. தேவையான இழுப்பு 1,050 கிலோ. பின்சக்கரத்தின்மேல் 1,826 கிலோ. பிடிப்பு 730 கிலோ. முந்நூறு கிலோவுக்கு மேல் குறைகிறது. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் சக்கரம் சுழன்று பள்ளம் தோண்டுமேயொழிய வண்டி நகராது. ஏற்றிய பாரம் தேவையை இரண்டு மடங்காக்கியது. பிடிப்பையோ கால்பங்கு மட்டுமே கூட்டியது. எடை இழுபடுகிறவனிடம் குவிந்து, இழுக்கிறவனிடம் கொஞ்சமே வந்து சேர்ந்தது என்பதுதான் புதைந்ததன் இரகசியம்.

அதே வண்டியைக் காய்ந்த மண்வரப்பில் விட்டால் தேவை 350 கிலோ, பிடிப்பு 913 கிலோ. தார்ச் சாலையிலோ தேவை 140 கிலோ, பிடிப்பு 1,278 கிலோ. உப்பளத்தில் வாரிய உப்பை ஆணும் பெண்ணும் தலைச்சுமையாகவே பாத்தியிலிருந்து வரப்புக்குச் சுமந்து சேர்ப்பதன் காரணம் இங்கே தெரிகிறது. நீர் கசியாதபடி மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தியின் தரையைச் சக்கரம் உழுதுவிடும் என்பது ஒன்று. ஈரத்தரை பாரவண்டிக்கு இடம் கொடாது என்பது மற்றொன்று. எந்திரம் நுழைய முடியாத அந்தக் கடைசிச் சில கஜங்களின் விலையை, கொளுத்தும் வெயிலில் உப்புநீரில் நின்று வெடித்த பாதங்கள் செலுத்திக்கொண்டிருக்கின்றன என்பதை, உப்பிட்டுச் சோறுண்ணும் நாம் ஒருநாளும் மறக்கலாகாது.

முன்சக்கரம் தலைதூக்கும்போது

கொக்கிப் பாரத்தால் பிடிப்பு கூடுகிறதென்றால், இன்னும் இன்னும் அதைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றலாம். கூடாது. பின்னே சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் முன்னே ஒரு பங்கு கழல்கிறது. இழுப்பும் தன் பங்குக்கு முன்பக்கத்தை மேலே தூக்குகிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கொக்கி இருக்க, 900 கிலோ இழுப்பைச் செலுத்தினால், முன்சக்கரங்களிலிருந்து 237 கிலோ எடை பின்னோக்கிப் பெயர்ந்துவிடும். புதைந்த வண்டியை மீட்கும் அவசரத்தில் சங்கிலியை ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டினாலோ 474 கிலோ பெயர்ந்துவிடும். எழுநூறு கிலோவில் அவ்வளவும் போனபின், திடீரென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் முன்சக்கரங்கள் ஆகாயத்தை நோக்கி எழும்பி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டுநரைத் தன் அடியிலேயே போட்டு நசுக்கிவிடும். இழுகயிற்றைப் பின் அச்சுக்கு மேலே ஒருபோதும் கட்டாதே என்னும் விதி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் எத்தனையோ விவசாயிகளின் உயிரை இப்படித்தான் பறித்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கியதும் அது பின்னால் புரண்டது. ஹாரி ஃபெர்குசன் என்னும் ஐரிஷ் பொறியாளர், கலப்பையை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, கலப்பை தடைப்படும்போது எழும் விசையே முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும்படி ஓர் அமைப்பை வகுத்து, 1926-இல் அதற்கு உரிமை பெற்றார். பெருத்த எடையை உலோகத்தில் சுமக்காமலே, வேலையின்போது பிடிப்பைப் பெற்றுக்கொள்ளும் வழி அது. ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் 1938-இல் பத்திரமில்லாமல் கைகுலுக்கியே செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, மறு ஆண்டு அந்த அமைப்போடு புதிய டிராக்டர் வந்தது. ஃபெர்குசனின் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியதனால், அந்த ஐரிஷ் பொறியாளரின் சிந்தனை நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

மலைச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகம்

இவ்வளவும் தெரிந்தபின் அமெரிக்கரின் நானூறு குதிரைகளைப் புரிந்துகொள்வது எளிது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணையருகே தொடங்கி 11.4 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தூரம் பாலைவனத்தில் விடாமல் ஏறும் சாலை ஒன்று உண்டு. அந்நாட்டு வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்னும் இழுவைத் தேர்வு இந்த ஏற்றத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. 38 டிகிரிக்குக் குறையாத வெயிலில், உள்ளே குளிர்சாதனம் முழுவீச்சில் ஓட, முழுப் பாரத்தோடு ஏறும் பிக்கப், மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்காமல் உச்சியை அடையவேண்டும். அந்த ஏற்றம் சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்.

மூன்று டன் பிக்கப்பும் நாலு டன் டிரெய்லரும் சேர்ந்து ஏழு டன். மரக்காணத்தில் நாம் கண்ட மொத்தமும் அதுவே. ஏற்றத்தில் ஏழு டன்னைத் தாங்க 350 கிலோ இழுப்பு. நெடுஞ்சாலை டயருக்கு உருள்தடை ஏறக்குறைய 100. நூறு கிலோமீட்டர் வேகத்தில் உயரமான டிரெய்லரின் முகத்தில் மோதும் காற்றுக்கு ஒரு 200. மொத்தம் 650 கிலோ இழுப்பை விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் தருவதற்கு ஏறக்குறைய 250 குதிரைச் சக்தி சக்கரத்திலேயே வேண்டும். வழியில் வீணாவதையும் வெயிலின் பாதிப்பையும் சேர்த்தால் எஞ்சினில் 300-க்கு மேல் தேவைப்படும். நம் நாற்பது குதிரை டிராக்டர் அதே ஏழு டன்னோடு அதே மலையில் ஏறுமா? ஏறும். காற்றின் எதிர்ப்பு அந்த வேகத்தில் இல்லாமையால் 490 கிலோ இழுப்பே போதும். மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், அதுவும் உச்சியைச் சேர்ந்துவிடும். நாற்பதுக்கும் நானூற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பாரத்துக்காகக் கொடுத்த விலையன்று. நேரத்துக்காகக் கொடுத்த விலை.

1948-இல் தொடங்கிய ஃபோர்டு எஃப் வரிசை, 1975-இல் அதில் சேர்ந்த எஃப்-150, அதற்குப் போட்டியான ஷெவர்லே சில்வராடோ, ராம் முதலிய பிக்கப்புகளை இழுவைக்கு ஏற்றவையாக்குவது, விளம்பரங்கள் உரக்கச் சொல்லும் குதிரைச் சக்தியைவிட, அடியில் படுத்திருக்கும் ஏணிச் சட்டமே. நீண்ட இரு எஃகுத் தண்டுகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்த அந்த ஏணி, கொக்கியின் இழுப்பை உடலுக்குக் கடத்தாமல் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இங்கும் கொக்கிப் பாரம் கணக்குக் கேட்கிறது. நாலு டன் டிரெய்லரின் கொக்கிப் பாரம், எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால், 480 கிலோ. பிக்கப் தன்மேல் 700 கிலோ சுமக்கலாமென்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால், மிஞ்சுவது 220 கிலோ. மூன்று பேர் ஏறி உட்கார்ந்தாலே அது தீர்ந்தது. டெக்சாஸிலோ டொராண்டோவிலோ வாழும் நம்மவர் ஒருவர் பிக்கப் வாங்கப் புறப்பட்டால், இழுக்கும் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், கதவோரத்துத் தகட்டில் எழுதியிருக்கும் சுமக்கும் அளவையும் படிக்கவேண்டும். பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

உப்புக்கும் இந்த வாகனங்களுக்கும் எதிர்பாராத இடத்தில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் பனிக்கட்டியைக் கரைக்கச் சாலைகளில் டன் டன்னாக உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் ஏணிச் சட்டத்தின் இடுக்குகளில் புகுந்து துருவை விளைவிக்கிறது. மரக்காணத்துக் கடற்காற்றில் கொக்கியின் இரும்பு முளையும் பிரேக் உருளையும் படும் பாடும் அதேதான். இரண்டு இடங்களுக்கும் பரிகாரம் ஒன்றே: நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுவதும், கிரீஸ் தடவுவதும், தேய்ந்த முளையைத் தயக்கமின்றி மாற்றுவதும்.

வாலாட்டம்

டிரெய்லரில் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே ஏற்றவேண்டும் என்பதற்குப் பிடிப்பு மட்டும் காரணமன்று. பாரம் அச்சுக்குப் பின்னே குவிந்தால் கொக்கிப் பாரம் மறைந்துபோவதோடு, காற்று வீச்சாலோ பக்கத்தில் பறக்கும் பஸ்ஸின் அழுத்தத்தாலோ டிரெய்லர் சிறிது பக்கவாட்டில் அசைந்ததும், பின்பாரம் அந்த அசைவைத் தணிக்காமல் வளர்க்கிறது. இந்த நிலையை வாலாட்டம் என்று அழைக்கலாம். குறைந்த வேகத்தில் தானே அடங்கும் வாலாட்டம், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வீச்சுக்கு வீச்சு பெருகி, இழுக்கும் வாகனத்தையே திசை திருப்பிச் சாலைக்கு வெளியே எறிந்துவிடும். டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொக்கியில் அமரவேண்டும் என்று அமெரிக்கர்கள் வகுத்திருக்கும் விதி இதைத் தடுப்பதற்கே. இழுக்கும் வாகனம் கனமாகவும் நீளமாகவும் இருந்தால் வாலின் உதறலுக்கு அது எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. பெரிய பிக்கப்பின் உண்மையான நன்மைகளில் இது முக்கியமானது. நம் டிராக்டர்கள் மெதுவாகப் போவதாலேயே இந்த அபாயத்திலிருந்து தப்பிவருகின்றன. வேகம் கூட்டிய நாளில் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும்.

நிறுத்துவதே பெரிய காரியம்

எல்லாவற்றிலும் மேலாக, இழுக்கத் தெரிந்த வண்டிக்கு நிறுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். முன்னே சொன்ன ஏழு டன்னில், டிரெய்லருக்குப் பிரேக் இல்லை; டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. காய்ந்த தாரில் அவை தரக்கூடிய பிடிப்பு, நாம் கண்டபடி, 1,278 கிலோ. ஏழு டன்னை நிறுத்த இது மிகவும் சொற்பம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தியபின் நிற்பதற்கு ஏறக்குறைய 9 மீட்டர் தேவைப்படும். 40 கிலோமீட்டரில், வேகம் இரட்டிக்கத் தூரம் நான்கு மடங்காவதால், 35 மீட்டர் தேவைப்படும். அதே 40 கிலோமீட்டரில் காருக்கு 9 மீட்டர் போதும். அது மட்டுமா? பின்னாலிருந்து ஐந்து டன் தள்ளிக்கொண்டிருக்கையில் டிராக்டரின் சக்கரம் பூட்டிக்கொண்டால், டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி, இரண்டும் கொக்கியில் மடங்கிச் சாலையை அடைத்துவிடும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. டிரெய்லரின் சக்கரங்களின்மேல் அமர்ந்திருக்கும் 4,600 கிலோவையும் நிறுத்தும் வேலையில் பங்கு கொள்ளச் செய்தால், அதாவது டிரெய்லருக்கும் பிரேக் வைத்தால், அந்த 35 மீட்டர் பத்துப் பன்னிரண்டு மீட்டராகச் சுருங்கிவிடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருக்கவேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்துகிறது. அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை, பிரேக் இல்லாமல், கார்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஒரு சாலையில் இழுத்துச் செல்வது எவ்வளவு துணிகரம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இருளில், பின்விளக்கும் இல்லாமல், 20 கிலோமீட்டரில் ஊரும் டிரெய்லரின்மேல் வந்து மோதுகிறவனுக்கு அது ஏறக்குறைய நிற்கும் சுவரே. ஆகையால் டிரெய்லருக்குப் பிரேக், பின்னால் சிவப்பு விளக்கு, ஒளியை மீட்டெறியும் பட்டை ஆகிய மூன்றும் அலங்காரங்களல்ல. ஓட்டுநருக்கும் எதிர்ப்படுகிறவர்க்கும் உயிர்க்காப்பு.

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிற வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எஞ்சினின் குதிரைகளை எண்ணி அதற்குப் பதில் சொல்லிவிடவும் நாம் பழகிவிட்டோம். இந்த அத்தியாயத்தின் கணக்குகள் நமக்கு வேறு மூன்று கேள்விகளைத் தந்திருக்கின்றன: சுழலும் சக்கரத்தின்மேல் எவ்வளவு எடை அமர்ந்திருக்கிறது? கொக்கி எந்த உயரத்தில், எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது? இழுக்கும் அவ்வளவு பாரத்தையும் எத்தனை மீட்டருக்குள் நிறுத்த முடியும்? அரிசோனாவின் மலைச்சாலைக்கும் மரக்காணத்தின் மண்வரப்புக்கும் இம்மூன்றும் பொது. இவற்றில் மூன்றாவதற்குத் திருப்தியான விடை கிடைக்காத வரையில், முதல் இரண்டையும் எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தாலும், அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர எவருக்கும் உரிமை இல்லை.